கேட்காத கரகரப்பு

அவனுக்கு வண்டு என்று பெயர் வைத்தது யார் என்பது இப்போது யாருக்கும் நினைவில்லை. தும்பி என்ற கணினி இயங்குதளத்தைச் சம்பளமில்லாமல் சேர்ந்து உருவாக்கும் கூட்டத்தில் அவனும் ஒருவன். எந்த நிரல் எங்கே பிசகினாலும் முதலில் கண்டுபிடிப்பது அவன்தான். கண்டுபிடித்தால் சும்மா இருக்கமாட்டான். அது சரியாகும் வரை சம்பந்தப்பட்டவரின் காதருகே ரீங்காரமிட்டுக்கொண்டே இருப்பான். பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவனும் அதை ரசித்தான்.

தும்பி லினக்ஸ் வகையைச் சேர்ந்தது. லினக்ஸ் ஒரே பொருள் அல்ல. திரையைக் காட்ட ஒரு நிரல், இணையத்தோடு பேச ஒரு நிரல், ஒலியைக் கொண்டுபோய் ஸ்பீக்கரில் சேர்க்க ஒரு நிரல் என்று ஏகப்பட்ட துண்டுகளின் சேர்க்கை. ஒவ்வொரு வேலைக்கும் நாலைந்து பேர் நாலைந்து விதமாக எழுதி வைத்திருப்பார்கள். அவற்றில் எதைப் பெட்டியில் போட்டு மக்களுக்கு அனுப்புவது என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். பிடிக்காதவர்கள் பிறகு மாற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் யார் மாற்றுகிறார்கள்? வாடகை வீட்டில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் மின்விசிறியைக் கழற்றிவிட்டு வேறு மாட்டுகிறவர்கள் எத்தனை பேர்? வந்ததோடு வாழ்ந்து பழகிவிடுவார்கள். அதனால்தான் டீஃபால்ட்டாக, அதாவது முதலிலேயே பெட்டிக்குள் வைத்து, எது போக வேண்டும் என்பதில் அந்தக் கூட்டத்தில் அவ்வளவு சண்டை நடக்கும்.

சண்டையைத் தீர்த்துவைக்க ஏழு பேர் கொண்ட ஒரு குழு இருந்தது. தலைவர் கால்நடை மருத்துவர். பகலெல்லாம் மாடும் ஆடும் பார்த்துவிட்டு, மிச்ச நேரத்தில் மனிதர்களின் வழக்கைக் கேட்பவர். எல்லாருக்கும் அவர் டாக்டர். சனிக்கிழமை மத்தியானங்களில் குழு வீடியோவில் கூடும். ஒளிவுமறைவு கூடாது என்பது தும்பியின் கொள்கை. அதனால் பேச்சு முழுவதும் பதிவாகி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் ஏறிவிடும். வண்டு அந்த ஏழு பேரில் ஒருவன். எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் பெண்மணி இன்னொருவர்.

அக்கா நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஒலியைக் கவனிக்கும் ஓடை என்ற நிரலை முதலில் எழுதியவர் ஒருநாள் போதும் என்று போய்விட்டபோது, நடுத்தெருவில் நின்ற அதைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வளர்த்தவர் அவர்தான். தும்பி உள்ள கணினியில் யார் பாட்டுக் கேட்டாலும், பேரப்பிள்ளையோடு வீடியோவில் பேசினாலும், அந்தச் சத்தம் அக்காவின் கையைத் தாண்டித்தான் வரும்.

ஆனால் வண்டுக்கும் ஓடைக்கும் ஆகவே ஆகாது. அவன் வேலை பார்த்தது ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் தொலைபேசி மையத்தில். நீளமான கூடம், வரிசையாக மேசைகள், மேசைக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு ஹெட்செட். அத்தனை கணினிகளிலும் தும்பியைப் போட்டவன் அவன்தான். யாராவது டீ குடிக்க எழுந்து போகும்போது ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து மாட்டினால், ஓடைக்குத் தலை சுற்றிவிடும். சத்தம் எங்கே போவதென்று தெரியாமல் எங்கேயோ போய்விடும். "அண்ணே, சத்தம் வரல!" என்று ஒரு கை உயரும். அவன் அங்கே ஓடுவதற்குள் இந்தப் பக்கம் இரண்டு கை உயரும். புதிதாக வந்திருந்த அருவி என்ற நிரலில் இந்தத் தொல்லையே கிடையாது. தும்பியின் அடுத்த பதிப்பில் ஓடையை எடுத்துவிட்டு அருவியை வைக்க வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான். அந்த ஆசையில் ஒரு தப்பும் இல்லை.

அந்த ஆசைக்கெல்லாம் முன்னால் நடந்தது ஒன்று இருக்கிறது. ஒருநாள் அக்கா அவனை அழைத்தார்.

"தம்பி, ஒரு உதவி பண்றியா? ஒரு சின்ன ஒலித்துண்டு அனுப்பியிருக்கேன். கேட்டுட்டு, கரகரப்பு இருக்கான்னு மட்டும் சொல்லு."

கேட்டான். காய்ந்த சருகைக் கையில் வைத்து நொறுக்குகிற மாதிரி இருந்தது.

"கரகரப்பு நல்லாவே இருக்கேக்கா. உங்களுக்குக் கேக்கலையா?"

அக்கா அதே துண்டை இன்னொரு முறை ஓட்டுவது போனில் கேட்டது.

"கேக்கல," என்றார் அக்கா.

பிறகு சொன்னார். இடது காது அநேகமாகப் போய்விட்டது. வலது காதிலும் கீச்சென்ற சத்தங்கள் விழுவதில்லை. இனி குறையுமே தவிர கூடாது என்று காது மருத்துவர் சொல்லிவிட்டார். "அதுக்காக வேலை நிக்கல தம்பி. ஒலிய அலையா வரைஞ்சு திரையில பாத்துக்கறேன். எங்க பிசகுதுன்னு கோட்டுலயே தெரிஞ்சிடும். படத்தப் பாத்துக் கண்டுபிடிக்கறதுதானே என் பொழப்பு!" சிரித்தார். சிரிப்பு அடங்கிய பிறகு, "ஆனா எப்பவாவது ஒரு மனுஷக் காது வேண்டியிருக்கு. உன்னைக் கேக்கலாம்னு தோணுச்சு. யார்கிட்டயும் சொல்லிடாத. ஆபீஸ்ல தெரியாது. கவுன்ட்டர்ல உக்கார வச்சிருக்காங்க. வர்ற ஜனங்ககிட்ட பேசற வேலை. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். தெரிஞ்சா தூக்கிடுவாங்க. இங்கயும் தெரிஞ்சா எல்லாரும் 'ஐயோ பாவம்'னு ஆரம்பிச்சுடுவாங்க. அது எனக்கு ஆகாது," என்றார்.

"சத்தியமா சொல்லமாட்டேன்கா," என்றான் வண்டு. மனதாரத்தான் சொன்னான்.

அதன்பிறகு அக்கா ஒலித்துண்டுகளை அனுப்புவார். மதியச் சாப்பாட்டு வேளையில் கேட்டு அவன் பதில் எழுதுவான். எழுதி முடித்ததும் வேறு பேச்சு வரும். அவன் மகளுக்குக் காய்ச்சல் என்றால் மறுநாள் மறக்காமல் விசாரிப்பார். ஓடையை அவன் திட்டினால், "திட்டு, திட்டு. வீட்டுப் பிள்ளைய நாலு பேர் திட்டினாத்தான் உருப்படும்," என்பார். கூடப் பிறந்த அக்கா இல்லாத அவனுக்கு அந்த உரிமை இனித்தது.

பிறகுதான் அருவியை டீஃபால்ட் ஆக்க வேண்டும் என்று அவன் குழுவிடம் கேட்டான். கேட்டதோடு நின்றிருக்கலாம். அருவியின் பெருமைகளை அடுக்கிக்கொண்டே போன வேகத்தில், பழைய கணினிகளிலும் சோதித்தாகிவிட்டது, ஒரு குறையும் இல்லை என்று எழுதிவிட்டான். சோதித்தது உண்மை. மச்சானின் பழைய லேப்டாப் ஒன்றில், ஒரு மத்தியானம், இரண்டு பாட்டுப் போட்டுக் கேட்டான். அவ்வளவுதான்.

கூட்டம் நடந்த சனிக்கிழமை, குழுவில் பாதிப்பேர் அவன் பக்கம் இருந்தார்கள். அக்கா கடைசியில் பேசினார்.

"எத்தனை பழைய மெஷின்ல பாத்தே தம்பி?"

"சில மெஷின்லக்கா."

"சிலன்னா?"

"அது... எண்ணல. பாத்தவரைக்கும் நல்லாத்தான் ஓடுது."

அக்கா தன் திரையை எல்லாருக்கும் காட்டினார். ஒரு பள்ளிக்கூடத்துச் சாமான் அறையில் தூசி படிந்து கிடந்த கணினிகளை இரவல் வாங்கிவந்து, ஒவ்வொன்றிலும் அருவியை ஓடவிட்டுப் பார்த்திருந்தார். திரையில் அலைகள் ஓடின. ஒழுங்காக ஏறி இறங்கிய கோடு திடீரென்று பல்லுடைந்த சீப்பு மாதிரி ஆனது. "இங்க பாருங்க. ஒரே கரகரப்பு, பாட்டுக்கு விக்கல் எடுக்குது. மெஷின் அனலா கொதிக்குது. தும்பி வச்சிருக்கிறவங்கள்ல பாதிப் பேர்கிட்ட இந்த மாதிரி பழைய மெஷின்தான் இருக்கு. வேற எதுவும் அதுல ஓடாதுன்னுதான் அவங்க நம்மகிட்ட வந்திருக்காங்க. அவங்களுக்கு நாம என்ன சொல்லப்போறோம்?"

வீடியோக் கட்டங்களுக்குள் இருந்த தலைகள் மெல்ல ஆடத் தொடங்கின. ஆடுகிற தலைகளில் அவன் பக்கத்துத் தலைகளும் இருந்தன.

டாக்டர் சிரித்துக்கொண்டே, "வண்டு, என்கிட்ட வர்ற மாடுதான் வாயத் திறந்து விவரம் சொல்லாது. நீ சொல்லலாமேப்பா," என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும்தான். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வேறொரு நாளாக இருந்தால் அவனே முதலில் சிரித்திருப்பான். ஆனால் அன்றைக்கு அவன் பொய் சொல்லியிருந்தான். அதன் வால் மற்றவர்கள் கையில் சிக்கப்போகிறது என்று தெரிந்துவிட்டது. காதுமடல் கொதித்தது. வாயிலிருந்து என்ன வருகிறது என்று அவனுக்கே தெரியும்முன் வந்துவிட்டது.

"கரகரப்பு, கரகரப்புன்னு படமாக் காட்டறீங்களே, அந்தக் கரகரப்பு உங்க காதுல விழுதாக்கா? காது கேக்காதவங்க கையில சத்தத்தக் குடுத்துட்டு நாம உக்காந்து டீஃபால்ட் பேசிட்டு இருக்கோம்!"



அக்கா தலையைச் சாய்த்து, வலது காதைக் கணினிப் பக்கம் திருப்பினார். "என்ன சொன்னே தம்பி? சரியா விழல. இன்னொரு தடவ சொல்லு."

அவனால் சொல்ல முடியவில்லை. திரும்பச் சொல்வதற்கு மட்டும் எங்கிருந்தோ வெட்கம் வந்துவிட்டது. அக்கா ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். கடைசியில் குழுவில் ஒருவர், அவரைக் காக்கவைக்க மனமில்லாமல், வண்டு சொன்னதை அப்படியே எழுத்தில் அடித்து அனுப்பினார். அக்காவின் கண்கள் இடமிருந்து வலமாக நகர்வதை எல்லாரும் பார்த்தார்கள். மறுபடி இடப்பக்கம் வந்து, மறுபடி வலமாகப் போயின.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஆமா. அவர் சொல்றது உண்மைதான்," என்றார். தன் காதைப் பற்றி நாலே வார்த்தையில் சொன்னார். "டாக்டர், ஓட்டெடுப்ப அடுத்த வாரம் வச்சுக்கலாமா? இன்னைக்கு என்னால முடியல." அவர் முகம் இருந்த கட்டம் கறுத்துப்போனது.

வண்டு லேப்டாப்பை மூடினான். சமையலறையிலிருந்து மனைவி, "என்ன, ஜெயிச்சாச்சா?" என்று கேட்டாள். "இன்னும் இல்ல, அடுத்த வாரம்," என்றான். கொஞ்சம் வாக்குவாதம் ஆகிவிட்டது என்று மட்டும் சொன்னான்.

அடுத்த வாரம் ஜெயித்தான். அக்கா வரவில்லை. அருவிக்கே அதிக ஓட்டு விழுந்தது. பழைய கணினிகளைப் பற்றி ஒருவர்கூட மூச்சு விடவில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே முந்தின வாரம் நடந்ததைத் தொட வேண்டியிருக்கும் என்று எல்லாரும் ஒதுங்கினார்கள். அவனை வாழ்த்தி மூன்று நான்கு பேர் எழுதியிருந்தார்கள். வாசலில் செருப்பைத் திருடிக்கொண்டு வந்தவனிடம் "செருப்பு நல்லா இருக்கே" என்று சொன்ன மாதிரி இருந்தது அவனுக்கு.

அக்காவுக்கு எழுதியவர்கள்தான் அதிகம். எல்லாம் பொது அரங்கில், எல்லாரும் பார்க்க. ஒருவர் நல்ல காது மருத்துவரைச் சொன்னார். ஒருவர் தன் மாமியார் மாட்டியிருக்கும் கருவியின் படத்தைப் போட்டார். 'உங்கள் மன உறுதி எங்களுக்குப் பாடம்' என்று ஒருவர். இனி ஓய்வெடுங்கள் என்று ஒருவர். எதற்காக அவர் வாய்மூடி இருந்தாரோ அது அத்தனையும் குடம் குடமாக வந்து கொட்டியது. அக்கா எதற்கும் பதில் எழுதவில்லை. ஓடையின் பொறுப்பிலிருந்து விலகுவதாக ஒரே ஒரு வரி மட்டும் போட்டிருந்தார்.

டாக்டர் அவனுக்குப் போன் செய்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தான். "வீடியோவ எடுத்துட்டேன். ஆனா அதுக்குள்ள பாத்தவங்க பாத்துட்டாங்க," என்றார். பின்னால் ஒரு மாடு கத்திக்கொண்டிருந்தது. "சரி, வச்சிடறேன்," என்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டிருப்பான்.

தேற்றிக்கொள்ளப் பார்க்காமலும் இல்லை. குழுவுக்குத் தெரிய வேண்டிய விஷயம்தானே? பொதுக்காரியத்தில் இருப்பவர் இதை மறைக்கலாமா? ஒருவர் வாயிலிருந்து என்றைக்காவது வரத்தானே போகிறது? குளிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, இந்தக் கேள்விகளையெல்லாம் தனக்குள் ஒரு வக்கீலைப்போல் கேட்டுப் பார்த்தான். வக்கீல் நன்றாகத்தான் பேசினார். ஆனால் மதிய வேளையில் டப்பாவைத் திறந்து வைத்து, பழக்கத்தில் ஹெட்போனை மாட்டிக்கொள்வான். கேட்பதற்கு ஒன்றும் வந்திருக்காது. டப்பாவை மூடிவிடுவான்.

"அந்த அக்கா இப்பல்லாம் பாப்பாவ விசாரிக்கறதே இல்லையே, ஏங்க?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி கேட்டாள். துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் சொல்லத் தொடங்கி, சுற்றி வளைத்து, கடைசியில் முழுவதையும் சொல்லிவிட்டான்.

"உங்ககிட்ட மட்டும்தான் சொல்லியிருந்தாங்களா?"

"ம்."

அவள் மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். "நல்லவேளை, எங்கம்மா விஷயத்த நான் உங்ககிட்ட முழுசா சொல்லல," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்துச் சொன்னாள். பிறகு துணியை அலமாரியில் வைக்கப் போய்விட்டாள். மாமியாருக்கு என்ன என்று அவன் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவனுக்கு ஒரு வழி தோன்றியது. தோன்றியதுமே நெஞ்சு லேசானது. முடிவைத் திரும்பப் பெற வேண்டும், ஓடையே டீஃபால்ட்டாக இருக்கட்டும் என்று குழுவுக்கு எழுதினான். நாமே ஜெயித்ததை நாமே திருப்பித் தருகிறோம், இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தான். டாக்டர் உடனே அழைத்தார்.

"எதுக்குப்பா இது? புதுசா ஏதாவது தெரிஞ்சுதா?"

"இல்ல டாக்டர். அக்காவுக்காக..."

"அக்கா கேட்டாங்களா?"

"இல்ல."

"வருஷக் கூட்டத்துக்கு அவங்க வர்றாங்க. அங்க வச்சுப் பேசிக்கலாம்," என்றார் டாக்டர்.

வருடக் கூட்டம் விடுமுறையில் காலியாக இருந்த ஒரு கல்லூரியில் நடந்தது. வீடியோக் கட்டங்களில் மட்டும் பார்த்தவர்களுக்குக் கால்களும் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளும் இடம் அது. வராந்தா முழுக்க மின்கம்பிகள் தரையோடு ஒட்டப்பட்டிருந்தன. முன்வரிசையில், பேசுகிறவருக்கு வலது காது தெரியும்படி ஓர் ஓரத்தில் அக்கா உட்கார்ந்திருந்தார். மேடைக்குப் பின்னால் பெரிய திரை. யார் எதைப் பேசினாலும் அதை உடனுக்குடன் அடித்துத் திரையில் எழுத்தாக ஏற்றுவதற்கு ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். அக்கா எல்லாரோடும் சிரித்துப் பேசினார். அவன் இடைவேளை வரை தூண் மறைவிலேயே நின்றான். பிறகு காலை இழுத்துக்கொண்டு போனான்.

"அக்கா, ஒரு நிமிஷம்..."

அவர் எழுந்து, பக்கத்தில் ஆளில்லாத வகுப்பறைக்குள் போனார். அவன் பின்னால் போனான்.

"கதவ சாத்துங்க. வெளிச் சத்தம் வந்தா எனக்கு எல்லாம் குழம்பிடும்."

சாத்துங்க. அவனை அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. எப்போதும் நீதான், தம்பிதான். மரியாதை இப்படியும் அறையும் என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. பெஞ்சின் மேல் யாரோ கிறுக்கியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே பேசத் தொடங்கினான்.

"என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க," என்றார் அக்கா. "உதட்டப் பாத்தாத்தான் எனக்குப் பாதி புரியும்."

வேறு வழியில்லை. தலையைத் தூக்கி, அவர் கண்ணெதிரில், ஒவ்வொரு சொல்லாக வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்டான். தலைகுனிந்து சொல்லியிருந்தால் இதில் கால்வாசிதான் கஷ்டமாக இருந்திருக்கும்.

"சரி," என்றார் அக்கா. "ஆபீஸ்ல யாரோ அந்த வீடியோவப் பாத்துட்டாங்க. கவுன்ட்டர்லேர்ந்து எடுத்துட்டாங்க. இப்போ பின்பக்கம் பழைய வரைபடமெல்லாம் அடுக்கி வச்சிருக்கிற ரூம். யாரும் வரமாட்டாங்க, யார்கிட்டயும் பேசவேண்டியதில்ல. ரொம்ப வசதின்னு சொல்றாங்க."

"அதான்கா, நான் குழுவுக்கு எழுதியிருக்கேன். ஓடையே இருக்கட்டும்னு—"

"பாத்தேன்." அதுவரை தாழ்ந்திருந்த குரல் ஏறிவிட்டது. தான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. வராந்தாவில் போனவர்கள் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். "என்ன நினைச்சு அத எழுதினீங்க? அருவி நல்ல நிரல். புது மெஷின்ல ஓடை அதுக்குப் பக்கத்துலயே நிக்க முடியாது. இது எனக்குத் தெரியாதா? ஓடைய வச்சுக்கங்கன்னா நான் கெஞ்சினேன்? பழைய மெஷின் வச்சிருக்கிறவங்களுக்கு என்ன பண்ணப்போறோம்னு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். இன்னைக்கு வரைக்கும் நீங்க அதுக்குப் பதில் சொல்லல. அன்னைக்கு என்னை மடக்கறதுக்காக டீஃபால்ட்ட மாத்தினீங்க. இப்போ உங்க மனசு ஆறணும்னு திருப்பி மாத்தறீங்க. அத நம்பிக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கிறவங்க யாரும் உங்க ஞாபகத்துல இல்லையா?"

அக்கா சொன்ன பிறகுதான் அவனுக்கு அது உறைத்தது. இத்தனை நாள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தது ஒரு தப்புக்கு மட்டும்தான். அதற்கு அடியில் இருந்த தப்பை அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அக்காவின் காதை எடுத்துப் போட்டு மூடியது எதை? மச்சானின் லேப்டாப்பை.

"ஒரே ஒரு மெஷின்கா," என்றான். "மச்சானோடது. ஒரு மத்தியானம் பாத்தேன். சில மெஷின்னு சொன்னது பொய்."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றார் அக்கா. "வெளியில இருக்கிறவங்களுக்குத் தெரியாது. அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க." கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

மத்தியான அமர்வில் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வண்டு மேடை ஏறினான். நடந்ததைச் சொன்னான். பின்னால் திரையில் தட்டச்சுக்காரர் அவன் பேச்சை ஏற்றிக்கொண்டே வந்தார். திரும்பிப் பார்க்காமலே தன் சொற்கள் தன் முதுகுக்குப் பின்னால் பெரிய எழுத்தில் வரிசை கட்டுவது அவனுக்குத் தெரிந்தது. முன்னால் இருந்த அத்தனை கண்களும் அவனைப் பார்க்காமல் அவன் தலைக்கு மேலே படித்துக்கொண்டிருந்தன. மச்சான் என்ற சொல் வந்தபோது எங்கோ ஒரு சிரிப்பு எழுந்து அமுங்கியது.

"அக்கா கேட்ட கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல," என்றான். "பதில் இல்லன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதனாலதான், என்னை நம்பிச் சொன்ன ஒரு விஷயத்த எடுத்து வெளியில போட்டேன். அதப் போட்டதும் எல்லாரும் அந்தக் கேள்விய மறந்துட்டீங்க. எனக்கு அது சௌகரியமா இருந்துச்சு."

தட்டச்சுச் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு அந்தக் கடைசி வரியும் ஏறியது. டாக்டர் இந்த முறை எந்த வேடிக்கையும் சொல்லவில்லை.

குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றும் சொன்னான். சொல்லிவிட்டு ஒரு கணம் நின்றான். அதெல்லாம் வேண்டாம்ப்பா என்று யாராவது ஒருவர் சொல்வார் என்று உள்ளுக்குள் ஒரு மூலை காத்திருந்தது. ஒருவரும் சொல்லவில்லை. "சரி," என்று டாக்டர் குறித்துக்கொண்டார். அப்படிக் காத்திருந்ததற்காக அவன் இன்னொரு முறை கூனிக்குறுகிக் கீழே இறங்கினான்.

மிச்ச மத்தியானம் முழுக்க அந்தக் கேள்வியைத்தான் பேசினார்கள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தும்பி ஒரு கணினியில் முதன்முதலாக ஏறும்போது அந்த இயந்திரத்தின் சக்தியை அளந்து பார்க்கட்டும். தாங்குகிற இயந்திரத்துக்கு அருவி. தாங்காததற்கு ஓடை. இரண்டுமே டீஃபால்ட்தான். ஓடையை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வந்தபோது எல்லார் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

அக்கா திரையில் படித்துவிட்டு எழுந்தார். "நானே பாக்கறேன். ஆனா கேட்டுச் சொல்ல ஒரு காது வேணும். இனிமே அதுல ரகசியம் ஒண்ணும் இல்ல, வெளிப்படையாவே கேக்கறேன்."

பல கைகள் உயர்ந்தன. வண்டுவின் கையும் தோள் உயரம் வரை வந்தது. யாரும் பார்ப்பதற்குள், முடியைக் கோதுவதுபோல் அதைத் தலைக்குக் கொண்டுபோனான். அக்கா பின்வரிசையில் இருந்த ஓர் இசை ஆசிரியையைக் கை காட்டினார்.

பழைய கணினிகளில் சோதிக்கும் வேலை அவனுக்கு வந்தது. அது எவருக்கும் பிடிக்காத வேலை. வேறு யாரும் கேட்காததால் கிடைத்தது. உறவினர் வீட்டுப் பரண்களிலிருந்தும் அலுவலகங்களின் மூலைகளிலிருந்தும் கேட்டு வாங்கி வந்த கணினிகள் கூடத்தில் சுவரோரம் ஏறிக்கொண்டே போயின. மனைவி அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்தாள். "இன்னும் எத்தனை வரும்?" என்று ஒருதடவை கேட்டாள். "தெரியல," என்றான். "எண்ணிச் சொல்றேன்." அவள் அவனைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள். அவ்வளவுதான். தன் அம்மாவைப் பற்றி இன்னும் எதுவும் சொல்லவில்லை.

புதிய பதிப்பு வெளிவந்தது. தொலைபேசி மையத்தில் கைகள் உயர்வது நின்றுபோனது. ஹெட்செட்டைக் கழற்றினார்கள், மாட்டினார்கள், பேசினார்கள். ஹெட்செட் விஷயத்தில் அருவியைப் பற்றி அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அதில் சந்தோஷப்பட முடியுமா என்று முயன்று பார்த்தான். முடியவில்லை.

அக்காவிடமிருந்து அவ்வப்போது வேலை சம்பந்தமாக எழுத்து வரும். இன்ன இயந்திரத்தில் ஓடை தடுமாறுகிறதாம், பார்த்துச் சொல்லவும். அளவான சொற்கள். அதில் கோபமும் இல்லை, வேறொன்றும் இல்லை. அவன் பார்ப்பான். சொன்னதைவிட இரண்டு மடங்கு பார்ப்பான். ஒரு மத்தியானம், சாப்பாட்டு மேசையில் டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு, அப்படி வந்த ஒன்றுக்குப் பதில் எழுதினான். எந்த இயந்திரம், எத்தனை முறை ஓட்டிப் பார்த்தான், எங்கே தடுமாறியது, எங்கே தடுமாறவில்லை. எல்லாம் எழுதி முடித்ததும் விரல் தானாகவே இன்னொரு வரியை அடித்தது: 'வலது காது இப்போ எப்படி இருக்குக்கா?'

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பக்கத்து மேசையில் யாரோ எதற்கோ சிரித்தார்கள். அவன் அந்த வரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தான். மேலே இருந்ததை மட்டும் அனுப்பிவிட்டு, டப்பாவை இழுத்துச் சாப்பிடத் தொடங்கினான்.